ரேம்ப் மீட்டரை இறுக்கினால் ஊர்த் தெரு காலியாகுமா?

மாலை ஐந்து மணிக்கு ஃப்ரீவே அடைத்துக்கொள்கிறது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஊருக்குள் நாலு தெரு கடந்து, இரண்டு மூன்று மைல் தள்ளி மறுபடி ஏறிக்கொண்டால் ஏழு நிமிடம் மிச்சம் என்று கைபேசிச் செயலி காட்டுகிறது. அதே நேரத்தில் அதே வழியை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காட்டுகிறது. நாற்பது வீடு இருக்கும் தெருவில் மணிக்கு நானூறு கார் ஓடத் தொடங்குகிறது.

நகராட்சிக்கு முதலில் தோன்றுவது வேகத்தடை, ஸ்டாப் பலகை, 'மாலை 3 முதல் 7 வரை இடப்பக்கம் திரும்பாதே' பலகை. மூன்றுமே ஓரளவு வேலை செய்யும். ஆனால் இவை வண்டியை நடுவழியில் பிடிக்கும் கருவிகள். ஒரு தெருவில் தடுத்தால் பக்கத்துத் தெரு திறந்திருக்கும். நியூ ஜெர்சியில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லியோனியா இதன் உச்சத்துக்கே போனது. 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மூடி, மீறினால் 200 டாலர் அபராதம் என்றது. மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வாங்காமல் போட்ட சட்டம் என்று அதே ஆண்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஊருக்குள் புகுந்து போகிறவர் எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் ஒரு ரேம்ப் வழியாகத்தான், அதாவது தெருவிலிருந்து ஃப்ரீவேயில் ஏறும் இணைப்புச் சாலை வழியாகத்தான், ஃப்ரீவேக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் பிடித்த ஏழு நிமிடம் அந்த ரேம்ப்பில் கரைந்துவிட்டால் இறங்கியதற்கே அர்த்தம் இல்லை; செயலியும் அந்த வழியைக் காட்டுவதை நிறுத்திவிடும். ரேம்ப் மீட்டரை ஊரைக் காக்கும் கருவியாகப் பார்ப்பதன் அடிப்படை இதுதான்.

ரேம்ப் மீட்டர் என்பது ஏறும் ரேம்ப்பில் நிற்கும் சிவப்பு-பச்சை விளக்கு. ஒரு பச்சைக்கு ஒரு வண்டி. 1963-இல் சிகாகோவின் ஐசன்ஹோவர் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு போலீஸ்காரர் நின்று வண்டிகளைக் கையால் விட்டதிலிருந்து இது தொடங்குகிறது. இன்றைய ஒற்றை லேன் மீட்டர் மணிக்கு 240 முதல் 900 வண்டி வரை விடும். 240 என்றால் 15 நொடிக்கு ஒன்று. அதற்கும் மேலே காக்க வைத்தால் விளக்கு பழுது என்று நினைத்துச் சிவப்பிலேயே போய்விடுகிறார்கள். 900 என்றால் 4 நொடிக்கு ஒன்று. அதைவிட வேகமாக ஒவ்வொருவரும் நின்று கிளம்ப முடியாது. இரண்டு லேன் போட்டு மாற்றி மாற்றி விட்டால் 1,600 வரை போகலாம்.

வண்டி எண்ணிக்கையும் காத்திருப்பும் ஒன்றல்ல

இந்த விஷயத்தில் பெரும்பாலான ஆலோசனைக் கூட்டங்கள் தடம் மாறுவது இங்கேதான். "ஏழு நிமிடம் காக்க வைக்கும்படி மீட்டரை அமையுங்கள்" என்பார்கள். மீட்டரில் காத்திருப்பு நேரத்தை அமைக்க முடியாது. மணிக்கு எத்தனை வண்டி விடுவது என்பதை மட்டும்தான் அமைக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, அளவு மட்டும் நடைமுறைக்கு ஒத்தது. ஒரு ரேம்ப்பில் மாலையில் மணிக்கு 350 உள்ளூர் வண்டிகள் ஏறுகின்றன. ஊரைக் குறுக்கே கடந்து வருபவை 450. மொத்தம் 800. மீட்டர் இல்லாத ரேம்ப் இதைத் தாராளமாகத் தாங்கும், காத்திருப்பே இருக்காது. குறுக்கே வருபவருக்கு ஏழு நிமிடமும் முழு லாபம்.

இப்போது மீட்டரை 400-இல் வைக்கிறோம். வருவது 800, போவது 400, வரிசை வளர்கிறது. எதுவரை வளரும்? காத்திருப்பு ஏழு நிமிடத்தைத் தொடும்வரை. தொட்டதும் ஊருக்குள் இறங்குவதில் லாபம் இல்லை, புதிதாக வருபவர்கள் ஃப்ரீவேயிலேயே இருந்துவிடுகிறார்கள். வரிசை அங்கே நிலைத்துவிடும். அந்த நிலையில் ரேம்ப் விடும் 400-இல் உள்ளூர் 350 போக, குறுக்கே வருபவை 50 மட்டும். 450 என்பது 50 ஆகிவிட்டது.

மீட்டரை 600-இல் வைத்திருந்தால்? காத்திருப்பு அப்போதும் ஏழு நிமிடத்தில்தான் போய் நிற்கும், ஏனென்றால் அந்த எண்ணைத் தீர்மானிப்பது ஃப்ரீவே நெரிசல். ஆனால் குறுக்கே வருபவை 250. ஆக, காத்திருப்பை முடிவு செய்வது ஃப்ரீவே. எத்தனை பேர் புகலாம் என்பதை முடிவு செய்வது மீட்டர். விடும் எண்ணிக்கையிலிருந்து உள்ளூர்த் தேவையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஊர் சகித்துக்கொள்ளப்போகும் குறுக்குப் போக்குவரத்து.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது, முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். வரிசையின் நீளம் என்பது விடும் விகிதத்தைக் காத்திருப்பால் பெருக்கினால் வருவது. 400-இல் ஏழு நிமிடம் என்றால் சுமார் 47 வண்டி. 600-இல் ஏழு நிமிடம் என்றால் 70 வண்டி. காருக்கு இடைவெளியோடு 8 மீட்டர் வைத்தால் முதலாவது 375 மீட்டர், இரண்டாவது 560 மீட்டர். தாராளமாக விடும் மீட்டருக்குத்தான் நீளமான ரேம்ப் வேண்டும்! 'வரிசை தெருவுக்கு வந்துவிடும், கொஞ்சம் தளர்த்துங்கள்' என்று கேட்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். தளர்த்தினால் வரிசை சில நிமிடம் குறையும். செயலி அதைப் பார்க்கும். அடுத்த கூட்டம் வந்து சேரும்.

எல்லை ஒன்று உண்டு. விகிதம் உள்ளூர்த் தேவைக்குக் கீழே, அதாவது இந்தக் கணக்கில் 350-க்குக் கீழே போகக்கூடாது. உள்ளூர்க்காரருக்கு ஃப்ரீவேயிலேயே இருந்துவிடும் வசதி இல்லை. அவர் வீட்டிலிருந்து வருகிறார். அந்த நிலையில் வரிசை நிலைக்காமல் வளர்ந்துகொண்டே போகும், அவர்கள் அடுத்த ரேம்ப்பைத் தேடி ஊருக்குள்ளேயே சுற்றத் தொடங்குவார்கள். ஊரைக் காப்பதற்காக வைத்த மீட்டர் ஊருக்குள் புதிய ஓட்டத்தை உண்டாக்கிவிடும். எனவே முதலில் அளக்க வேண்டியது உள்ளூர்த் தேவையை.

அடைப்பு எங்கே இருக்கிறது?

மீட்டரைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: ஃப்ரீவேயின் அடைப்பு அந்த ரேம்ப் சேரும் இடத்திலா, அதற்கு முன்பா?

ரேம்ப் சேரும் இடமே அடைப்பு என்றால் அதிர்ஷ்டம். ஃப்ரீவேயை இயக்கும் மாநிலத் துறைக்கும் ஊருக்கும் ஒரே ஆசை. மூன்று லேன் ஃப்ரீவே நெரியாமல் ஓடினால் மணிக்கு 6,000-க்கு மேல் கடத்தும். ஒருமுறை நெரிந்துவிட்டால் அதே இடம் அதைவிடக் குறைவாகத்தான் விடும், இழப்பு 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம். வண்டிகள் கொத்தாக வந்து செருகாமல் ஒவ்வொன்றாக வந்தால் நெரிவது தள்ளிப்போகும், சில நாள் நெரியாமலே போகும். மீட்டர் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காக.

அடைப்பு ரேம்ப்புக்கு முன்பே இருந்தால் நிலைமை தலைகீழ். குறுக்கே வருபவர் அடைப்பைத் தாண்டித்தான் மறுபடி ஏறுகிறார். அங்கே ஃப்ரீவே காலியாக ஓடிக்கொண்டிருக்கும். நெரிசலைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் மீட்டர்கள் எல்லாம் அங்கே 'இடம் இருக்கிறது, வா' என்று முழு வேகத்தில் திறந்துவிடும். பரவலாகப் பயன்படும் அலினியா முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேம்ப் சேரும் இடத்தைச் சற்றுத் தாண்டி ஃப்ரீவே தரையில் பதித்த டிடெக்டர் மீது வண்டிகள் நிற்கும் நேரத்தின் சதவீதத்தைப் பார்த்து, இலக்குக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 70-ஆல் பெருக்கி முந்தைய விகிதத்தோடு கூட்டும். இலக்கு 20, அளந்தது 23 என்றால் விகிதம் 210 குறையும். அளந்தது 12 என்றால் 560 கூடி, உச்ச வரம்பில் முட்டி நிற்கும். அடைப்பைத் தாண்டி இருக்கும் ரேம்ப்பில் அளப்பது எப்போதும் 12 போலத்தான் இருக்கும். அந்த இடத்தில் தானியங்கி முறை மட்டும் போதாது. மாலை நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பைக் கொள்கையாகவே எழுதிப் போட வேண்டும்: 'திங்கள் முதல் வெள்ளி, 3 முதல் 7, இந்த ரேம்ப் 420-க்கு மேல் விடாது' என்பது போல. அதற்கு மாநிலத் துறை சம்மதிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மீட்டர் கால்ட்ரான்ஸ் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில். ஊரின் கையில் இருப்பவை ஊர்த் தெருக்களின் சிக்னலும் திருப்பத் தடைகளும்தான். இது பொறியியல் பேச்சைவிட உடன்படிக்கைப் பேச்சு.

அதே மாநிலத்தின் ஃப்ரீமான்ட் நகர வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்த வடிவம் தெளிவாகத் தெரியும். சிலிக்கான் வேலியில் வேலை முடித்து வடகிழக்கே வீடு திரும்புகிறவர்கள் 680 ஃப்ரீவேயில் சுனோல் மேட்டை ஏற வேண்டும். மேட்டுக்கு முன்பு அடைத்துக்கொண்டால் மிஷன் சான் ஹோசே பகுதியின் வீட்டுத் தெருக்கள் இணைப்புச் சாலைகளாகிவிடுகின்றன. மாலை நேரத் திருப்பத் தடைகள் அங்கே வந்ததற்குக் காரணம் இதுதான். மேடு போன்ற அடைப்பில் முன்னே இருக்கும் ரேம்ப்கள் எல்லாமே அடைப்பைத் தாண்டாமல் அதற்கு முன்பே வருவதால், மீட்டருக்கு அங்கே நல்ல பிடி கிடைக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குறுக்கு வழியில் போவது பெரும்பாலும் வரிசையில் முந்துவதுதான். அவர் மிச்சம் பிடித்த ஏழு நிமிடத்தைக் கொடுத்தவர்கள் ஃப்ரீவேயிலேயே நின்றவர்கள். ஆகவே 400 வண்டிகளைத் திரும்ப ஃப்ரீவேக்கு அனுப்பினால் ஃப்ரீவே வேகமாகிவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். ரேம்ப்பிலிருந்து 400 குறைகிறது, மேலிருந்து 400 கூடுகிறது. நெரிந்ததால் இழந்த திறனை மீட்ட அளவுக்குத்தான் ஃப்ரீவேக்கு லாபம்.

கெட்டுப்போகும் இடங்கள்

முதல் குற்றவாளி வரிசை டிடெக்டர். ரேம்ப்பின் தலைப்பகுதியில், தெருவை ஒட்டி, வண்டியை உணரும் ஒரு லூப்பை (கம்பிச் சுருளை) தரையில் பதித்திருப்பார்கள். வரிசை அதுவரை வந்துவிட்டால் தெரு அடைக்கக்கூடாது என்று மீட்டர் சட்டென்று 900-க்குத் தாவும். நெரிசல் உச்சத்தில் இருக்கும்போதுதான் வரிசை அங்கே வரும். அதாவது மீட்டர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. வரிசை கரையும், மீண்டும் 400-க்கு இறங்கும், மீண்டும் நிரம்பும். இந்த ஊசலாட்டத்தில் சராசரி விகிதம் 600-ஐத் தாண்டிவிடும். 400 என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். மருந்து: ஒரே தாவலுக்குப் பதிலாக 30 நொடிக்கு ஒருமுறை, மணிக்கான விகிதத்தை 60 அல்லது 90 வீதம் கூட்டுவது, ரேம்ப்பின் நடுவில் இன்னொரு லூப் போட்டு, முன்கூட்டியே மெதுவாகத் தொடங்குவது, உச்ச வரம்பைத் தாண்ட அனுமதிக்கும் நிமிடங்களுக்கும் ஒரு கணக்கு வைப்பது.

இதைவிட நல்ல மருந்து இடம். ஒற்றை லேன் ரேம்ப்பை இரண்டு லேனாகப் பிரித்தால் 47 வண்டிக்கு லேனுக்கு 190 மீட்டர் போதும். விகிதம் மொத்தத்தில் அதே 400தான், இரண்டு லேனும் மாற்றி மாற்றி 9 நொடிக்கு ஒரு வண்டி விடும். நிறுத்தக் கோட்டை ஃப்ரீவே பக்கம் தள்ளி வைத்து இடம் பிடிக்கலாம் என்று ஆசை வரும். அங்கே வேறு கணக்கு குறுக்கே நிற்கிறது: நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க ஓட்டம் வேண்டும். மணிக்கு 50 மைல் ஓடும் ஃப்ரீவேக்குச் சமதளத்தில் அமெரிக்க வடிவமைப்பு அளவு 720 அடி. 60 மைலுக்கு 1,200 அடி. ஏற்றம் இருந்தால் இன்னும் கூடும், லாரிகள் ஏறும் ரேம்ப் என்றால் இன்னும். கோட்டை முன்னே தள்ளியதால் 30 மைலில் செருகும் வண்டி ஃப்ரீவேயில் பிரேக் அலையைக் கிளப்பும். கொஞ்சம் பின்னே வைப்பதுதான் நல்லது.

இடம் அறவே இல்லாத ரேம்ப்பில் 20 வண்டிதான் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-இல் அது மூன்று நிமிடக் காத்திருப்பு. குறுக்கே வருபவருக்கு இன்னும் நான்கு நிமிடம் லாபம், அவர் நிற்க மாட்டார். மிச்ச வரிசையைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும், எந்தத் தெருவில் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். ரேம்ப்புக்குள் வண்டி இரண்டு மூன்று திசையிலிருந்து நுழையும். குறுக்கே வருபவர்கள் பெரும்பாலும் ஒரே திசையில், ஒரே திருப்பத்தில் வருவார்கள். வலப்பக்கம் திரும்பி வருபவர்கள் உள்ளூர், இடப்பக்கம் திரும்பி வருபவர்கள் வெளியூர் என்று பிரிந்துகிடந்தால், இடப்பக்கத் திருப்பத்தின் பச்சையைக் குறைக்கலாம். 120 நொடிச் சுழற்சியில் 8 நொடி பச்சை என்றால் சுழற்சிக்கு மூன்று நான்கு வண்டி, மணிக்கு நூற்றுச் சொச்சம். மீட்டரில் எல்லோரும் சமம். சந்திப்பு சிக்னலில் உள்ளூரையும் வெளியூரையும் பிரித்துப் பார்க்க முடியும். என் கணிப்பில் இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் மீட்டரை மட்டும் இறுக்குவதைவிட நியாயம். இடப்பக்கத் திருப்பத்துக்கான தனி லேன் நிரம்பி நேர்ப்போக்கை அடைக்காமல் அதன் நீளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே இடத்தில் இறங்கி, சந்திப்பை நேராகக் கடந்து, எதிர் ரேம்ப்பில் அப்படியே ஏறிவிடும் வித்தை வேறு இருக்கிறது. ஊருக்குள் போவதில்லை என்றாலும் சந்திப்பை நாசம் செய்வது இதுதான். இதற்கு மீட்டர் வேண்டியதில்லை, நெரிசல் நேரத்தில் நேர்ப்போக்கைத் தடை செய்தால் போதும்.

அடுத்தது தனியாக நிற்கும் மீட்டர். ஒரு ரேம்ப்பை மட்டும் இறுக்கி அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் விட்டுவிட்டால், கூட்டம் ஒரு சந்திப்பு தள்ளி இன்னொரு பேட்டைக்கு மாறும், அவ்வளவுதான். வரிசையாக மூன்று நான்கு ரேம்ப்பில் காத்திருப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். மெல்போர்னின் மோனாஷ் ஃப்ரீவேயில் ரேம்ப்களை ஒன்றோடொன்று பேச வைத்து வரிசையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை ஓட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், விகிதங்களை ஒரே மேஜையில் வைத்து எழுத வேண்டும்.

கார்பூல் லேன் (ஒருவருக்கு மேல் வரும் கார்களுக்கான தனி லேன்) பற்றி ஒரு வரி: மீட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் லேனுக்கு விளக்கு இல்லாவிட்டால், தனியாக வருபவரும் அதில்தான் போவார். அதற்கும் விளக்கு வையுங்கள், விகிதத்தை மட்டும் தாராளமாக வைக்கலாம். பேருந்து போகும் ரேம்ப்பில் இந்த லேனைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும்.

சின்னப் பழுதுகளும் உண்டு. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் லூப் வண்டியை உணர்ந்தால்தான் பச்சை விழும். ஓட்டுநர் கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் பின்னாலேயே நின்றுவிட்டால் எல்லோரும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'கோடு வரை வந்து நில்' என்ற பலகையும் தடித்த வெள்ளைக் கோடும் இதற்குத்தான். மோட்டார் சைக்கிளை உணராத லூப்பும் இதே தொல்லையைத் தரும். கோட்டைத் தாண்டியதும் உள்ள லூப் செத்துப்போனால், வண்டி போனது தெரியாமல் பச்சை நீளும், ஒன்றுக்கு இரண்டாகப் போகும். விகிதம் ஏன் எகிறுகிறது என்று மென்பொருளைக் குடைவதற்கு முன் இந்த லூப்பைப் பாருங்கள்.

உள்ளூர்க்காரரின் கோபம்

ஏழு நிமிடக் காத்திருப்பை உள்ளூர்க்காரரும் சேர்ந்துதான் சுமக்கிறார். தெரு காலியானதற்கு அவர் கொடுக்கும் விலை இது, இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் திட்டம் அரசியலில் செத்துவிடும். மினசோட்டாவில் நடந்ததே சாட்சி. அங்கே மினியாபொலிஸ்-செயின்ட் பால் பகுதியில் 430 மீட்டர்கள் இருந்தன. காத்திருப்பு தாங்காமல் எழுந்த எதிர்ப்பில், 2000-ஆம் ஆண்டு சட்டமன்றமே உத்தரவிட்டு ஆறு வாரம் அத்தனையையும் அணைத்தார்கள். அணைத்த காலத்தில் ஃப்ரீவே கடத்திய வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. மீட்டர் வென்றது, ஆனால் திரும்ப வந்தபோது பழைய மாதிரி வரவில்லை. சாதாரண ரேம்ப்பில் 4 நிமிடம், ஒரு ஃப்ரீவேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ரேம்ப்பில் 2 நிமிடம் என்று காத்திருப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள்.

அந்த 4 நிமிடத்தை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். குறுக்கு வழியின் லாபம் ஏழு நிமிடம் என்றால் மீட்டர் நான்கைத்தான் விழுங்கும். மிச்ச மூன்றைத் தெரு சிக்னல்களும் திருப்பத் தடைகளும் சேர்ந்து விழுங்க வேண்டும். லாபம் நான்கு நிமிடத்துக்குள் இருக்கும் ஊருக்கு மீட்டர் மட்டுமே போதும். பதினைந்து நிமிடம் என்றால் மீட்டரை நம்பி இறங்காதீர்கள், ஃப்ரீவேயின் அடைப்பைச் சரிசெய்யாமல் வேறு எதுவும் ஒட்டாது.

தொடங்கும் முறை. இறங்கும் எக்ஸிட்டிலும் ஏறும் ரேம்ப்பிலும் ஒரே வண்டி தென்படுகிறதா என்று எண் பலகை அல்லது புளூடூத் வழியாகப் பொருத்திப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டிலும் வந்தால் அது குறுக்கே வந்தது; நடுவில் அரை மணி போனால் பெட்ரோல் போட்டோ பிள்ளையை அழைத்தோ வந்த உள்ளூர் வேலை. செவ்வாய், புதன், வியாழன், பள்ளி நடக்கும் வாரங்கள். பக்கத்து ரேம்ப்களையும் அதே நாட்களில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் இடம் மாறியதை வெற்றி என்று எழுதிவிடுவீர்கள்.

பிறகு விகிதத்தை ஒரே நாளில் 400-க்கு இறக்காமல் 700-இல் தொடங்கி வாரத்துக்கு 60 வீதம் இறக்குங்கள். செயலிகள் ரேம்ப் காத்திருப்பை ஓட்டுநர்களின் கைபேசி வேகத்திலிருந்து கற்றுக்கொள்கின்றன. ஒரு நாள் மட்டும் நீளும் வரிசையைவிட, நாள்தோறும் அதே நேரத்தில் வரும் வரிசைதான் அவற்றின் கணிப்பில் நிலைக்கும். மீட்டர் எரியும் நேரத்தையும் அதற்கேற்ப வையுங்கள்: நெரிசல் தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே. 3:40-க்கு அடைக்கும் ஃப்ரீவேக்கு 4 மணிக்கு எரியும் மீட்டர் வைத்தால், அந்த இருபது நிமிடத்தில் ரேம்ப் தடையின்றித் திறந்து கிடக்கும், முதல் கூட்டம் ஊருக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும்.